மேடையில நிற்கிறவனுக்கு ஒரு வரம்பும் இல்லையா?

ஆறரை மணி ஷோ எண்டு போஸ்டர் அடிச்சா ஆறரைக்குத் தொடங்குங்கோ. கொழும்பில பங்க், ரொக் மாதிரிச் சத்தமான பேண்ட் ஷோ செய்யிற எல்லாருக்கும் தெரிஞ்ச கணக்கு ஒண்டு இருக்கு. விசேஷ அனுமதி எடுக்காட்டி இரவு பத்து மணியோட ஒலிபெருக்கியை நிற்பாட்ட வேணும், 2007இல உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவு. நாலு பேண்ட் எண்டு வையுங்கோ. முதல் மூண்டுக்கும் 25 நிமிஷப்படி, கடைசியா வாற பெரிய பேண்டுக்கு 45, மொத்தம் 120 நிமிஷம். இடையில மூண்டு மாற்றம், ஒண்டுக்கு 15 நிமிஷப்படி 45. ஆறரைக்குத் தொடங்கினா ஒன்பதேகாலுக்கு எல்லாம் முடிஞ்சிடும். முக்கால் மணித்தியாலம் மிச்சம் இருக்கு. வயர் அறுந்தாலும் கரண்ட் போனாலும் சமாளிக்கலாம்.

அந்த முக்கால் மணித்தியாலத்தைத் தின்னுறது பெரும்பாலும் அந்தப் பெரிய பேண்ட்தான். சவுண்ட் செக், அதாவது ஷோவுக்கு முதல் சத்தம் சரிபார்க்கிறது எண்டா, கடைசியா வாசிக்கிற பேண்ட்தான் முதலில வரவேணும், முதலில வாசிக்கிறவை கடைசியா செக் பண்ணுவினம். அப்பதான் அவையின்ட சாமான் மேடையில அப்படியே இருக்கும், கதவு திறந்தவுடன தொடங்கலாம். இவங்கள் ஐந்தரைக்குக் கதவு திறக்க இருக்கிற நேரம், ஐந்து மணிக்கு ஓட்டோவில வந்து இறங்கி, காலால அடிக்கிற பெரிய கிக் டிரம்மை ஒரு மணித்தியாலம் தட்டிக்கொண்டு நிற்பாங்கள். டிக்கெட் வாங்கின சனம் வெளியில வெயிலில வேர்த்து ஊத்திக்கொண்டு நிற்கும்.

அதோட முடிஞ்சுதா எண்டா இல்லை. சின்ன ஷோக்களில டிரம் செட் ஒண்டுதான். டிரம்மும் ஸ்டாண்டும் பொது. ஸ்நேர், சிம்பல், கிக் பெடல் மட்டும் ஒவ்வொரு டிரம்மரும் தன்னோட கொண்டு வருவார். 15 நிமிஷத்தில மாறலாம் எண்டுற கணக்கே இந்த ஏற்பாட்டை நம்பித்தான் போட்டது. "எங்கட டிரம் செட்டில வேற ஆக்கள் வாசிக்கேலாது" எண்டு ஒருத்தர் நிண்டா, முழுச் செட்டையும் கழட்டி, மற்றதைப் பூட்டி, மைக் எல்லாம் திருப்பி வைச்சு முடிக்க நாற்பது நிமிஷம் போகும். அடி விழுறது முதலில வாசிக்க வந்த பெடியன்களுக்கு. 25 நிமிஷம் எண்டு சொல்லிக் கூப்பிட்டவங்களுக்கு பத்து நிமிஷம் கிடைக்கும். பெரிய பேண்ட் ஒன்பது நாற்பதுக்கு ஏறி நாலு பாட்டு வாசிக்கும், பொலிஸ்காரர் சவுண்ட் மிக்ஸர் மேசைப் பக்கத்தில வந்து நிற்பார், பாட்டுக்காரர் எங்களைப் பார்த்து "என்ன, செத்த சனமா நிற்கிறீங்கள்?" எண்டு கத்துவார். ஐந்தரையில இருந்து காலில நிற்கிற சனத்தைப் பார்த்து!

சரி, நேரம் போனா போகட்டும். மண்டை போகலாமா?

தண்ணிப் போத்தல் எறியிறதைப் பெரிய உபகாரம் எண்டு நினைக்கிறாங்கள். மூடி பூட்டின அரை லீட்டர் போத்தல் அரைக் கிலோ. ஒரு மீட்டர் உயர மேடையில இருந்து வீசினா அது நேரே முகத்துக்குத்தான் வரும். வெளிச்சம் மேடையில, சனம் இருட்டில, வாறது ஒருத்தருக்கும் தெரியாது. தண்ணி குடுக்கிறது நல்ல விஷயம், கொழும்புப் புழுக்கத்தில கட்டாயம் வேணும். மூடியைக் கழட்டி முன் வரிசைக்குக் கையில குடுங்கோ, அவை பின்னுக்குக் கடத்துவினம். பியர் ஊத்திற ஆக்களுக்கு இன்னொண்டு: எங்கட ஹோல்களில பாதி டைல்ஸ் நிலம். ஈரமாகினா நடு பிட்டில, அதாவது மேடைக்கு முன்னால சனம் முட்டி மோதி ஆடுற இடத்தில, ஒருத்தன் வழுக்குவான், அவனில தட்டுப்பட்டு அடுத்தவன் விழுவான், தூக்கிவிடக் குனியிறவன்ட முதுகில பின்னால வாறவன் மோதுவான். மேடை விளிம்பில நீங்களே போட்டு வைச்ச மல்டிபிளக்கில 230 வோல்ட் ஓடுது எண்டதும் நினைவிருக்கட்டும். ஈரக் கையோட மைக் பிடிக்கிறதும் நீங்கள்தான்.

மைக்கைக் கேபிளில சுத்திறது படத்தில நல்லா இருக்கும். எஸ்எம்58 மைக் ஏறத்தாழ 300 கிராம், தலையில இரும்பு வலை. கேபிளை மைக்கோட பிடிச்சு வைச்சிருக்கிறது கேபிள் நுனியில இருக்கிற எக்ஸ்எல்ஆர் கொழுக்கியின்ட சின்ன நாக்கு ஒண்டு. பழைய கேபிளில அது தேய்ஞ்சிருக்கும். சுத்தேக்க கழண்டா எங்க போகும் எண்டு உங்களுக்கும் தெரியாது. வட்ட இரும்பு அடி வைச்ச ஸ்டாண்டைக் காலால உதைக்கிறதைப் பற்றி என்னத்தைச் சொல்ல.

மேடையில இருந்து சனத்துக்கு மேல பாயிறது தனிக் கதை. ஆயிரக்கணக்கில சனம் நெருக்கி நிற்கிற ஐரோப்பிய விழா வீடியோவைப் பார்த்திட்டு, அறுபது பேர் நிற்கிற, அதில பாதிப் பேர் சுவரோட சாய்ஞ்சு நிற்கிற ஹோலில பாயிறாங்கள். பாய முதல் கீழ பார்க்க வேணும். முன் மூண்டு வரிசை நெருக்கமா நிற்குதா? அவை உங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினவையா, இல்லாட்டி போனில படம் பிடிக்கிறவையா? கால் முன்னுக்கு வரக்கூடாது, முழங்கால் மடங்கக்கூடாது, உடம்பைப் பரப்பி விழ வேணும். கிட்டாரோட பாயவே கூடாது, அதின்ட தலையில நீட்டிக்கொண்டு நிற்கிற கம்பி நுனி கண்ணுக்கு நேராத்தான் வரும். 2010இல ஃபிலடெல்ஃபியாவில ஃபிஷ்போன் எண்ட அமெரிக்க பேண்டின்ட பாட்டுக்காரர் மேடையில இருந்து பாய்ஞ்சதில ஒரு பெண்ணுக்கு மண்டையோடும் காறையெலும்பும் உடைஞ்சது. வழக்குப் போய் 2014இல ஏறத்தாழ 14 லட்சம் டொலர் நட்டஈடு தீர்ப்பாச்சு.

உடன ஒருத்தர் வருவார்: "பங்க் எண்டா அப்படித்தான் மச்சான், சிட் விஷியஸ் என்ன செய்தவர் தெரியுமா?" தெரியும். செக்ஸ் பிஸ்டல்ஸ் எண்ட லண்டன் பேண்டில பேஸ் வாசிச்சவர், 1978 ஜனவரியில அமெரிக்காவின்ட சான் அன்டோனியோவில பேஸ் கிட்டாரைத் தூக்கிச் சனத்துக்கு அடிச்சவர். பத்து நாளளவில அந்த பேண்டே உடைஞ்சு போச்சு. ஜீஜீ அல்லின் எண்ட அமெரிக்கப் பங்க் பாட்டுக்காரர் சனத்தை அடிச்சதும் மலத்தை எறிஞ்சதும் தெரியும். அதே பங்க்கில ஃபுகாஸி எண்டு வாஷிங்டன் பேண்ட் ஒண்டும் இருந்தது. டிக்கெட்டை ஐந்து டொலரில வைச்சிருக்கப் பாடுபட்டவை. பிட்டில ஆராவது மற்றவனுக்கு அடிச்சா பாட்டை இடையில நிற்பாட்டி, அவனைக் கூப்பிட்டு எச்சரிச்சு, கேட்காட்டி ஐந்து டொலரைக் கவரில போட்டுக் கையில குடுத்து வெளியால அனுப்பினவை. சத்தத்திலயோ கோபத்திலயோ ஒரு குறையும் இல்லாத பேண்ட் அது. இதை மட்டும் ஏன் ஒருத்தரும் கொப்பி அடிக்கிறதில்லை?

மேடையில நிற்கிறவனிட்ட மைக் இருக்கு, உயரம் இருக்கு, வெளிச்சம் இருக்கு, பக்கத்தில பவுன்ஸரும் இருக்கு. கீழ நிற்கிறவனிட்ட கிழிச்ச டிக்கெட் மட்டும்தான். இந்த நிலையில முன்னுக்கு நிற்கிற தங்கச்சியின்ட உடம்பைப் பற்றி மைக்கில பகிடி விட்டுட்டு அதிகாரத்தை எதிர்க்கிறம் எண்டு கதைக்காதீங்கோ. அங்க அதிகாரமே நீங்கள்தான். தமிழில ஒரு பாட்டுக் கேட்டுக் கத்தினவனை மைக்கில அவன்ட உச்சரிப்பிலயே நக்கலடிச்சு ஹோலையே சிரிக்க வைக்கிறதும் இதே சாதி. வெள்ளவத்தையில இருந்தும் கொட்டாஞ்சேனையில இருந்தும் பஸ் ஏறி வாற பெடியன்கள் அதுக்குப் பிறகு வரமாட்டாங்கள். பிறகு "சீன் செத்துப் போச்சு" எண்டு நீங்களே போஸ்ட் போடுவீங்கள்.

சத்தத்தைப் பற்றிச் சுருக்கமா. உலக சுகாதார நிறுவனம் 2022இல சொன்ன அளவு 15 நிமிஷச் சராசரியா 100 டெசிபல், அதுக்கு மேல வேண்டாம். கொங்கிரீட் சுவர் ஹோலில அது கெதியாத் தாண்டும். காதடைப்பான் கொண்டு போங்கோ, அதைப் போட்டவனைப் பார்த்துச் சிரிக்கிற பாட்டுக்காரனுக்கு நாற்பது வயசில காதுக்குள்ள விசில் கேட்கும்.

இனி டிக்கெட் வாங்கிறவைக்கு. டிக்கெட்டுக்குப் பின்னால "காயம் பட்டால் நாங்கள் பொறுப்பில்லை" எண்டு அச்சடிச்சிருக்கிறதைக் கண்டு பயப்படாதேங்கோ. 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டத்தின்படி, கவலையீனத்தால வாற காயத்துக்கான பொறுப்பை ஒரு வரி அச்சடிச்சுத் தட்டிக் கழிக்கேலாது. பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவை 345ஆம் பிரிவு, சொல்லால செய்தாலும் அதுதான். இரத்தம் வந்தா 1990க்கு அடியுங்கோ, அம்புலன்ஸ் இலவசம். பிறகு அண்டைக்கே கிட்டடிப் பொலிஸில முறைப்பாடு போட்டு இலக்கத்தை எழுதி எடுங்கோ. போஸ்டரில போட்ட பேண்ட் வராட்டியோ நாலு பாட்டோட முடிச்சாலோ நுகர்வோர் அதிகாரசபை இருக்கு, தொலைபேசி 1977. ஆனா போனில சொன்னது காணாது, எழுத்தில மூண்டு மாசத்துக்குள்ள குடுக்க வேணும். போஸ்டரின்ட படம், டிக்கெட்டின்ட மிச்சப் பாதி, காசு கட்டின எஸ்எம்எஸ், எத்தனை மணிக்குத் தொடங்கினது எண்டு தெரியிற வீடியோ, எல்லாத்தையும் அழிக்காம வைச்சிருங்கோ. முறைப்பாட்டை ஷோ நடத்தினவரின்ட பேரில போடுங்கோ, பேண்டின்ட பேரில இல்லை. காசு வாங்கினது அவர்தான், அடுத்த முறை அந்த பேண்டைக் கூப்பிடுறதா வேண்டாமா எண்டு முடிவெடுக்கிறதும் அவர்தான்.