இயாகோவின் முகத்தில் எதற்கு மை?

ஞாயிற்றுக்கிழமை பார்த்த ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ' நாடகத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இயாகோவின் மேக்கப்பைக் குறை சொல்லி நான் போட்ட நாலு வரிப் பதிவின் கீழே நேற்று இரவு நடந்ததைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. "ஒரு மேக்கப்புக்கா இவ்வளவு கோபம்?" என்று கேட்டிருந்தீர்கள். ஆமாம், அந்த மேக்கப்புக்குத்தான். கதை தெரியாதவர்களுக்கு ஒரு வரி: கறுப்பினத் தளபதி ஒத்தெல்லோவிடம், உன் மனைவி டெஸ்டிமோனாவுக்கும் உன் துணைத் தளபதி காசியோவுக்கும் தொடர்பு என்று அவன் கீழ் வேலை பார்க்கும் இயாகோ பொய் சொல்லி, அவளுடைய கைக்குட்டையை ஆதாரமாக்கி நம்ப வைக்கிறான்; ஒத்தெல்லோ அவளைக் கொன்றுவிடுகிறான்.

கண்ணைச் சுற்றி மை, கன்னத்தில் வெட்டுத் தழும்பு, முகம் கழுத்தெல்லாம் கறுப்புப் பூச்சு, பின்னால் டமார் என்று ஒரு இசை. இயாகோ வாயைத் திறப்பதற்கு முன்பே அரங்கம் "ஊ" என்று கத்தியது. எனக்கு முன்வரிசையில் இருந்த சின்னக் குழந்தைக்குக்கூட இவன் கெட்டவன் என்று தெரிந்துவிட்டது. மேடையில் இருந்த ஒத்தெல்லோவுக்கு மட்டும் தெரியவில்லை. அப்படியானால் அவனை என்னவென்று நினைப்பார்கள்? முட்டாள் என்றுதானே?

இயாகோ நல்லவனாகத் தெரிய வேண்டும். அந்த மேடையிலேயே நம்பத் தகுந்த ஆள் அவன்தான் என்று தோன்ற வேண்டும். நாடகத்தில் 'நேர்மை', 'நேர்மையான' என்ற சொற்கள் 50 தடவைக்கு மேல் வருகின்றன. அதில் பெரும்பகுதி இயாகோவைப் பற்றியது. ஒத்தெல்லோ சொல்கிறான், வேலையை இழந்த காசியோ சொல்கிறான், டெஸ்டிமோனாவும் அவனை நல்லவன் என்றே நினைக்கிறாள். இத்தனை பேருமா முட்டாள்கள்? ஷேக்ஸ்பியர் கதையை எடுத்தது சிந்தியோ என்ற இத்தாலிக்காரர் 1565-இல் வெளியிட்ட தொகுப்பிலிருந்து. அதிலேயே இயாகோவின் இடத்தில் வரும் கொடியேந்தி அதிகாரி பார்க்க அழகானவன், உள்ளுக்குள் படுகேவலமானவன் என்றுதான் இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் இயாகோ தன் வயதைத் தானே சொல்கிறான். 28. இளைஞன், போர்க்களம் பார்த்தவன், கலகலப்பாகப் பேசுகிறவன். தழும்பு எங்கிருந்து வந்தது?

கறுப்புப் பூச்சுதான் எனக்கு நெஞ்சை அறுத்தது. 1604 நவம்பரில் லண்டன் அரண்மனையில் இந்த நாடகம் நடந்தபோது, மேடையில் மூர், அதாவது கறுப்பு ஆப்பிரிக்கன், வந்தால் அவன்தான் கொடியவன் என்று எதிர்பார்க்கக் கூட்டத்துக்குப் பழக்கம் உண்டு. ஷேக்ஸ்பியரே முன்பு ஒரு நாடகத்தில் அப்படி ஒருவனை எழுதியவர். இங்கே அதைத் தலைகீழாக்கினார். கறுப்பன் பெருந்தன்மையான தளபதி, நஞ்சு வெள்ளைக்காரச் சிப்பாயிடம். நானூறு வருஷம் கழித்து நாம் அந்த நஞ்சுக்குக் கறுப்பு மை பூசுகிறோம். நம் சினிமா வில்லன்களுக்குப் பூசிய அதே மை. கறுப்பாகப் பிறந்து, பள்ளி நாடகத்தில் வருஷா வருஷம் சூர்ப்பனகை வேஷம் மட்டுமே கிடைத்த பெண் நான். இதைச் சின்ன விஷயம் என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

"இயாகோதான் முதல் காட்சியிலேயே தன் குணத்தைச் சொல்லிவிடுகிறானே, பார்வையாளருக்குத் தெரியத்தானே செய்யும்?" என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. தெரியும், ஆனால் காதுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாது. காதில் விழுந்ததைக் கண் நம்ப மறுக்க வேண்டும், அந்தத் தவிப்பில்தான் நாடகம் முழுக்க நடக்கிறது. காசியோவைப் பற்றித் தப்பாகப் பேசுவதைவிட நாக்கை அறுத்துக்கொள்வேன் என்று தயங்கித் தயங்கித்தான் இயாகோ அவனைக் காட்டிக்கொடுக்கிறான். அந்தத் தயக்கத்தை நாமும் ஒரு நொடி நம்பவேண்டாமா?

"கொலை செய்தது ஒத்தெல்லோதானே" என்று இன்னொருவர். சரி, அவன்தான். அதற்கு மன்னிப்பே கிடையாது, நான் கேட்கவும் இல்லை. ஆனால் "ஒரு கைக்குட்டைக்காக ஏமாந்தவன் அடிமுட்டாள்" என்று எழுதி அதற்கு நூறு பேர் சிரிப்புப் பொம்மை போட்டீர்களே, அங்கேதான் எனக்குப் பேச்சு வரவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். நான் ஒன்பதாவது படிக்கும்போது எங்கள் தெருவில் ஒருவர் சீட்டுப் பிடித்தார். அவரை மாமா என்றுதான் கூப்பிடுவோம். அப்பா இல்லாத நேரத்தில் வந்தால் வாசற்படி தாண்ட மாட்டார். திண்ணையிலேயே நின்று "தங்கச்சி, ஒரு சொம்பு தண்ணி" என்பார். சீட்டு நோட்டுக்குப் பழுப்பு அட்டை போட்டு, மேலே பிள்ளையார் சுழி. மீதி 50 பைசா இருந்தால் மறுநாள் தேடி வந்து கொடுப்பார். அம்மா சொன்னதை நம்பி 11 பேர் அவரிடம் சேர்ந்தார்கள். ஒரு தைப்பொங்கலுக்கு முந்தின வாரம் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவர்தான்.

அம்மா தன் நகையை அடகு வைத்து அந்த 11 பேருக்கும் பணம் கொடுத்தார். அதைக்கூடத் தாங்கிக்கொண்டார். சொந்தக்காரர்கள் வந்து "அவன் முழியைப் பார்த்தாலே தெரியுமே, நீ எப்படி ஏமாந்தே?" என்று கேட்டதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. முந்தின மாதம்வரை "தங்கமான மனுஷன்" என்று சொன்ன அதே வாய்கள். அம்மா பல மாதங்கள் அந்தத் திண்ணையில் உட்காரவே இல்லை.

முழியைப் பார்த்தால் தெரியாது. தெரிந்தால் யாரும் ஏமாற மாட்டார்கள். இதைத்தான் அந்த நாடகம் சொல்கிறது. உண்மையெல்லாம் வெளியே வந்த பிறகு ஒத்தெல்லோ இயாகோவின் காலைக் குனிந்து பார்க்கிறான், சாத்தானுக்கு இருப்பதாகச் சொல்வார்களே, அந்தப் பிளந்த குளம்பு இருக்கிறதா என்று. இல்லை. மனிதக் கால்தான். எல்லாரையும் போல ஒரு கால். முகத்தில் அப்பட்டமாக மை பூசிவிட்டு அந்த இடத்தை எப்படி நடிப்பீர்கள்? ஞாயிற்றுக்கிழமை அதை வெட்டியே விட்டார்கள்.

வெட்டாத ஒரு காட்சியைப் பற்றியும் சொல்கிறேன். புருஷன் வேசி என்று திட்டிய பிறகு டெஸ்டிமோனா போய் முழந்தாளிடுவது இயாகோவின் முன்னால்தான். அவர் மனதை மாற்ற நான் என்ன செய்யட்டும் என்று கெஞ்சுகிறாள். உள்ளே போ, அழாதே, எல்லாம் சரியாகிவிடும் என்கிறான் அவன். அந்த இடத்தில் எனக்கு எப்போதும் வயிற்றைப் பிசையும். ஞாயிற்றுக்கிழமை அரங்கம் சிரித்தது. "போயும் போயும் இவன்கிட்டயா போறா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரித்தவர்களைக் குறை சொல்லவில்லை. பூதம் மாதிரி ஒருவனின் காலில் ஒரு பெண் விழுந்தால் சிரிப்புத்தான் வரும்.

"பசங்க ஆசையாகச் செய்ததைக் குத்திக் காட்டுகிறீர்கள்" என்றும் ஒரு புகார். குத்திக் காட்டவில்லை. நாடகம் முடிந்து நான் வெளியே வரும்போது இயாகோவாக நடித்த பையன் முகம் கழுவிவிட்டு நின்றிருந்தான். பளிச்சென்ற முகம், கூச்சம் கலந்த சிரிப்பு. மழையில் படி வழுக்கியது. "பையைக் கொடுங்கம்மா" என்று வாங்கிக்கொண்டு, என் கையைப் பிடித்துக் கடைசிப் படிவரை இறக்கிவிட்டான். ஆட்டோ ஏறும்வரை நின்றான்.

தம்பி, அடுத்த தடவை அந்த முகத்தோடு மேடை ஏறு. என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.