ரம் போயிற்று, சர்க்கரை இருக்கிறது

சென்ற மாதம் ஓர் உணவகத்தின் பட்டியலில் ‘ஆரோக்கிய பினா கொலாடா’ என்ற பெயரைக் கண்டு ஆவலோடு ஒன்று வாங்கினேன். பினா கொலாடா என்பது ரம்மோடு அன்னாசியும் தேங்காயும் சேர்த்த மதுக்கலவை; இது அதன் ரம் இல்லாத வடிவம். முதல் வாய் நன்றாகத்தான் இருந்தது. பேச்சு சுவாரசியத்தில் கோப்பையை மறந்துவிட்டு, ஐஸ் கரைந்து குளிர் இறங்கிய பிறகு எடுத்து உறிஞ்சியபோது, பாகைக் குடித்ததுபோல் தொண்டையைக் கட்டியது. குளிர்ச்சி நாக்கின் இனிப்புணர்வை மழுங்கடிக்கும் என்பதால், ஐஸோடு அடித்துத் தரும் பானத்தில் எவ்வளவு சர்க்கரை இருந்தாலும் முதலில் நமக்குத் தெரிவதில்லை. அந்தப் பானத்தில் ஆரோக்கியம் என்று சொல்லத்தக்கது ரம் இல்லாதது ஒன்றுதான்.

ரம் இல்லாததைச் சிறிய விஷயம் என்று நான் சொல்லவில்லை. பன்னாட்டு பார்டெண்டர்கள் சங்கத்தின் செய்முறைப்படி ஒரு பினா கொலாடாவில் 50 மி.லி. வெள்ளை ரம், 50 மி.லி. அன்னாசிச் சாறு, 30 மி.லி. தேங்காய்க் கிரீம் ஆகியவை சேர்கின்றன. ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி என்பதால், அந்த ரம்மை நீக்கினாலே ஏறத்தாழ 110 கலோரி குறைகிறது. ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என 2023இல் உலக சுகாதார நிறுவனமும் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. ஆனால் ரம் விட்டுச்சென்ற இடத்தைப் பெரும்பாலான கடைகள் கூடுதல் சாற்றையும் சிரப்பையும் ஊற்றித்தான் நிரப்புகின்றன. பழச்சாற்றில் உள்ள சர்க்கரையையும் அதே நிறுவனம் நாம் குறைத்துக்கொள்ள வேண்டிய சர்க்கரைக் கணக்கில்தான் சேர்க்கிறது. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நின்றால் கூடுதல் நன்மை என்று அதன் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. 200 மி.லி. அன்னாசிச் சாற்றிலேயே சுமார் 20 கிராம் வந்துவிடுகிறது என்றால், அதன் மேல் ஊற்றும் சிரப்புக்கு எங்கே இடம்?

இத்தகைய ரம் கலவைகளில் சர்க்கரை ஏன் வந்தது என்பதை யோசித்தால் வழி தெரியும் என்பது என் எண்ணம். 1740இல் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி எட்வர்ட் வெர்னன், மாலுமிகளுக்குத் தரும் ரம்மில் தண்ணீர் கலக்க உத்தரவிட்டபோது, விரும்புபவர்கள் சர்க்கரையும் எலுமிச்சையும் வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். ரம், எலுமிச்சை, சர்க்கரை என்ற அதே மூன்றும்தான் பிற்காலத்தில் கியூபாவின் டைக்கிரி என்ற மதுக்கலவையாக வந்து நின்றன. ரம்மின் காட்டத்தை அடக்க வந்தது சர்க்கரை. அந்தக் காட்டமே போன பிறகு அதற்கு அங்கே என்ன வேலை? அதனால் ரம்மை எடுக்கும்போது சர்க்கரையையும் கூடவே எடுத்துவிட்டு, இழந்த காட்டத்துக்கு மட்டும் மாற்றுத் தேட வேண்டும் என்கிறேன்.

வீட்டில் நான் செய்வது இதுதான். நன்கு பழுத்த அன்னாசியில் 150 கிராம் நறுக்கி, எண்ணெய் இல்லாத வாணலியில் ஓரங்கள் பழுப்பேறும் வரை வாட்டி, ஆறவைத்து, ஃப்ரீசரில் உறையவைக்கிறேன். பழத்தின் சொந்தச் சர்க்கரையே கருகும் அந்த வாசனை, பழைய ரம்மின் வாசனைக்கு வியக்கத்தக்க அளவு நெருங்கி வருகிறது. பிறகு அரை டம்ளர் நீர்த்த தேங்காய்ப்பால், துருவிய இஞ்சி, எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றோடு மிக்ஸியில் அடித்தால் போதும். வாட்டும்போது வைட்டமின் சி கொஞ்சம் குறையும் என்பது உண்மைதான். எலுமிச்சையை அடுப்பில் காட்டாமல் கடைசியில் பிழிவதால் ஓரளவு ஈடுகட்டலாம். கெட்டித் தேங்காய்ப்பாலில் 100 கிராமுக்கு 20 கிராம் அளவுக்கு நிறைவுற்ற கொழுப்பு இருப்பதால், நீர்த்த பாலே எனக்குப் போதும்.

பழத்தை வாட்டும் பழக்கம் ஒரு தோல்வியிலிருந்து வந்தது. புரதம் சேரட்டும் என்று ஒருமுறை தேங்காய்ப்பாலுக்குப் பதிலாகத் தயிர் ஊற்றிப் வாட்டாத அன்னாசியோடு அடித்து, குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மணி நேரம் வைத்துவிட்டேன். எடுத்துக் குடித்தால் வேப்பிலைக் கசப்பு. அன்னாசியில் உள்ள புரோமெலெய்ன் என்ற நொதி பால்புரதத்தைச் சிதைத்துக் கசப்பான துண்டுகளாக்கிவிடுகிறது. சூடு பட்டால் அந்த நொதி செயலிழந்துவிடும். சரியாக வாட்டினால் தயிரும் சேர்க்கலாம்.

ரம்மும் புதினாவும் சேரும் மொஹிட்டோ என்ற கலவையை ரம் இல்லாமல் செய்வது சுலபமானது. புதினாவை நசுக்கிக் கூழாக்காமல் உள்ளங்கையில் வைத்துத் தட்டி, எலுமிச்சையும் சோடாவும் சேர்த்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. இனிப்பு வேண்டுமானால் இரண்டு துண்டுப் பழம் போதும். மாய் டாய் என்ற இன்னொரு ரம் கலவை மட்டும் எனக்குக் கைவரவில்லை. அதன் உயிரே பாதாம் பாகில் இருக்கிறது. பாகைத் தவிர்த்துப் பாதாம் பாலை ஊற்றினால் எலுமிச்சை பட்டதும் திரிந்துவிடுகிறது. எல்லாவற்றையும் திருத்தியே தீர வேண்டும் என்ற கட்டாயம் ஏதுமில்லை என்று அதை விட்டுவிட்டேன்.

‘நச்சு நீக்கும்’ என்று எழுதி ஒட்டி, பச்சைப் பொடி தூவி விற்பதில் எனக்கு உடன்பாடில்லை. கல்லீரலும் சிறுநீரகமும் அந்த வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன. சத்து என்ற பெயரில் எல்லாவற்றிலும் இளநீரைச் சேர்ப்பவர்களும், 100 மி.லி. இளநீரில் சுமார் 250 மி.கி. பொட்டாசியம் உண்டு என்பதையும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆகாமல் போகலாம் என்பதையும் சொல்லிவிட்டுத் தர வேண்டும்.

‘இதைப் பினா கொலாடா என்று அழைக்கலாமா?’ என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஸ்பானிய மொழியில் அந்தப் பெயருக்கு ‘வடிகட்டிய அன்னாசி’ என்று பொருள். நான் நார்ச்சத்து வீணாகக் கூடாது என்று சக்கையோடு குடிப்பவன். ஆகவே பெயரளவில் பார்த்தால் ரம்மை எடுத்ததைவிட வடிகட்டியை எடுத்ததுதான் என் பெரிய குற்றம்.