பத்தமடை பெயரை எல்லாப் பாய்க்கும் போடலாமா?

அண்ணாச்சி, "பத்தமடைங்கிறது ஊர்ப் பெயர்தானே, எந்தக் கோரைப் பாய்க்கும் அந்த ஹேஷ்டேக் போட்டு விற்கலாம்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் நெய்கிற பாய்க்குப் புவிசார் குறியீடு (ஓர் ஊரின் பெயரை அந்த ஊர்ச் சரக்குக்கே உரியதாக்கும் சட்டப் பதிவு) இருக்கிறது. 1999ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி, வேறு ஊர்ச் சரக்கைப் பத்தமடையில் நெய்தது என்று வாங்குகிறவர் நம்பும்படி காட்டினால் அது உரிமை மீறல். இன்ஸ்டாகிராம் விளம்பரமானாலும் அதேதான். பத்தமடையிலேயே நெய்கிறவர்கள், அந்தப் பெயரைப் போட்டு விற்க, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொள்ளலாம். அந்தப் பதிவு 10 ஆண்டு செல்லும், அப்புறம் புதுப்பிக்கலாம்.

சட்டம் ஒரு பக்கம். தாமிரபரணிக் கரைக் கோரையைக் காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, நூல் மாதிரி மெல்லிசாகக் கிழித்து நெய்கிறார்கள்.  நயம் பாய் பட்டுத்துணி போல மடியும். அந்தப் பெயரை நம்பி ஆர்டர் போட்டவர் கையில் முரட்டுப் பாய் வந்தால், அடுத்த முறை உண்மையான நெசவுக்காரரிடமும் வாங்கமாட்டார். எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

உங்கள் பாய் வேறு ஊரில் நெய்ததா? அந்த ஊர்ப் பெயரையே போடுங்கள். தறியில் உட்கார்ந்திருக்கிற கையை அரை நிமிட ரீல்ஸாக எடுத்துப் போடுங்கள், ஆள் நின்று பார்ப்பார்கள்.