சிவப்பு என்றால் இடியும் என்று அர்த்தமில்லை

தருமபுரி பக்கத்துப் பழைய கல் வளைவுப் பாலத்தின் கம்ப்யூட்டர் மாடல் படத்தைப் போட்டு, ‘சிவப்பான இடம் இடியப் போகிறது’ என்று பலர் பகிர்கிறீர்கள். அக்கறை புரிகிறது. ஆனால் படம் அப்படிச் சொல்லவில்லை.

சாஃப்ட்வேர் தானாக நிறம் பூசும்போது, அந்த மாடலில் தகைவு (பாரத்தால் கல்லுக்குள் ஒவ்வொரு சதுர அளவிலும் உண்டாகும் விசை) எங்கே மிக அதிகமோ அங்கே சிவப்பு வரும். கல் தாங்கும் அளவில் அது நூறில் ஒரு பங்கே என்றாலும் சிவப்புதான். வகுப்பிலேயே அதிக மார்க் 20 என்றாலும் அந்தப் பையன்தானே ஃபர்ஸ்ட்!

எனவே எந்த நிறம் எவ்வளவு தகைவு என்று ஓரத்தில் காட்டும் நிறப்பட்டையின் உச்ச எண்ணைப் பாருங்கள். இங்கே சுற்றும் படத்தில் அந்தப் பட்டையே இல்லை, வெட்டிவிட்டார்கள். நல்ல கருங்கல் பொதுவாக 100 மெகாபாஸ்கல் (தகைவை அளக்கும் அலகு) அழுத்தத்துக்கு மேலும் தாங்கும். சாந்து சேர்ந்த கட்டு அவ்வளவு தாங்காது, சரி. எப்படியானாலும் எண் இல்லாமல் எதுவும் சொல்ல முடியாது.

சந்தேகமிருந்தால் இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீகேட் (FreeCAD) என்ற வடிவமைப்பு சாஃப்ட்வேரில் ஒரு சுவர் வரைந்து, அதன் அடி நகராதபடி பிடித்து, சொந்த எடையை மட்டும் ஏற்றி சாதாரண லீனியர் கணக்கை (பாரம் எத்தனை மடங்கோ தகைவும் அத்தனை மடங்கு என்று எடுக்கும் கணக்கு) ஓட்டுங்கள். அப்புறம் அடர்த்தியைக் கன மீட்டருக்கு 2700 கிலோவிலிருந்து 270 கிலோ ஆக்கி மறுபடி ஓட்டுங்கள். அதே இடத்தில் அதே சிவப்பு வரும். எண் மட்டும் பத்தில் ஒன்றாகும்.

பாலம் உறுதியானது என்று நான் சொல்லவரவில்லை. அதை விரிசலையும் அடித்தளத்தையும் நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.