ஜட்ஜ் நெனச்சா அங்கயே வக்கீல் லைசென்ஸ் காலியா?

“கோர்ட்ல ஜட்ஜ எதுத்துப் பேசுனா அப்பவே வக்கீல் லைசென்ஸ கேன்சல் பண்ணிடுவாங்க”ன்னு ஒரு ஃபார்வர்டு சுத்துது. தப்புங்க. 1995ல சுப்ரீம் கோர்ட்டே கோர்ட் அவமதிப்பு கேஸ்ல ஒரு வக்கீல 3 வருஷம் சஸ்பெண்ட் பண்ணுச்சு (அவர் அப்போ வக்கீலுங்க ஒழுங்கப் பாத்துக்குற அமைப்பான இந்திய பார் கவுன்சிலோட தலைவர் வேற!), ஆனா 1998ல அதே கோர்ட்டோட 5 ஜட்ஜ் பெஞ்ச், அவமதிப்புக்குத் தண்டனையா லைசென்ஸ்ல கை வைக்க முடியாது, அது பார் கவுன்சில் வேலைன்னு சொல்லிருச்சு. 1961 வக்கீல் சட்டம் 35வது பிரிவுப்படி மாநில பார் கவுன்சிலோட ஒழுங்கு கமிட்டி நோட்டீஸ் குடுத்து, அவர் தரப்பையும் கேட்டுத்தான் முடிவு எடுக்கணும். கண்டிச்சு விடலாம், கொஞ்ச காலம் சஸ்பெண்ட் பண்ணலாம், பேரையே நீக்கலாம். 60 நாளுக்குள்ள அப்பீலும் போகலாம். ஆனா ஒண்ணு, என் கோர்ட்ல ஆஜராகாதன்னு கோர்ட் தடை போட முடியும், அத லைசென்ஸ் கேன்சல்னு நெனச்சுதான் பலபேர் ஷேர் பண்றாங்க போல.