பெயர் பொறிக்க இடமில்லாத கொடை

ஒரு பள்ளி எப்படி என்று அறிய நான் தேர்ச்சி விழுக்காட்டைப் பார்ப்பதில்லை. மாலையில் வீடு திரும்பும் பெண்பிள்ளைகளின் தண்ணீர் பாட்டிலைப் பார்ப்பேன். காலையில் நிரப்பிக் கொடுத்தது அப்படியே திரும்பி வந்தால், அங்கே கழிப்பறை எந்த லட்சணத்தில் இருக்கும் என்று தெரிந்துவிடும். குடித்தால் போக வேண்டும், போக முடியாது, அதனால் குடிப்பதே இல்லை. சிறுநீர்த் தொற்று, தலைவலி, மதியத்துக்கு மேல் பாடத்தில் மனம் நிற்காமை எல்லாம் பின்னாலேயே வரும். மாதவிலக்கு நாள்களில் வீட்டிலேயே தங்கிவிடுகிறார்கள். நாமோ, பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்று ஆசிரியரிடம் சண்டைக்குப் போகிறோம்.

ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், விளையாட்டுத் திடல் என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் அட்டவணை போட்டே சொல்கிறது. நான் பார்த்த பள்ளிகளில் கட்டடத்துக்குக் குறைவில்லை. மோட்டார் ஓடாது, கழுவ ஆள் கிடையாது, அவ்வளவுதான்.

செட்டிநாட்டில் கொடைக்குப் பஞ்சமா? வியாபாரத்தில் மகமை என்று பொதுக்காரியத்துக்கு ஒரு பங்கை எடுத்து வைத்துக் கோயிலும் ஊருணியும் பாடசாலையும் கண்ட மண் இது. 1947-இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கிய அழகப்பச் செட்டியார், மின்வேதியியல் ஆய்வகம் இங்கே அமைவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். இன்று நாம் கொடுப்பது நுழைவு வளைவு, கலையரங்கம், கிரானைட் கல்வெட்டு. கழிப்பறை கழுவுகிறவருக்கு மாதச் சம்பளம் தருகிறேன் என்று எவரும் மைக் பிடித்துச் சொல்லி நான் கேட்டதில்லை. சம்பளத்தில் பெயரை எங்கே பொறிப்பது?

வெயில் சங்கதி இன்னும் வேடிக்கை. நம் கானாடுகாத்தான் ஊரின் பழைய செட்டிநாட்டு வீடுகளைப் பாருங்கள்: கனத்த சுவர், உயர்ந்த கூரை, சுண்ணாம்புப் பூச்சு, வானம் பார்த்த வளவு என்னும் முற்றம், முகப்பிலிருந்து பின்கட்டுவரை ஒரே நேராக வாசல்கள். சித்திரையிலும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் படுத்தால் கண் சொருகும். இதையெல்லாம் சுற்றுலா வருகிறவர்களுக்குப் பெருமையாகக் காட்டுகிறோம்; பிள்ளைகளுக்கு மட்டும் தகரக் கொட்டகை. கும்பகோணத்தில் 2004-இல் 94 குழந்தைகள் தீயில் மாண்ட பிறகு கீற்றுக் கூரைகளை அகற்றினோம். அது சரிதான். ஆனால் தகரம் எரியாது என்பதோடு நம் யோசனை நின்றுவிட்டது. உள்ளே இருப்பவர்கள் வேகிறார்கள். வெப்பம் மிகுந்த ஆண்டுகளில் மாணவர்களின் கற்றல் குறைகிறது என்றும், ஏசி உள்ள பள்ளிகளில் அந்த இழப்பு ஏறக்குறைய இல்லை என்றும் அமெரிக்காவில் 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. நான் ஏசி கேட்கவில்லை. எதிரெதிர் ஜன்னலும், மேற்கு வெயிலை மறைக்க நான்கு வேப்பமரமும் போதும்.

"நாங்கள் மரத்தடியில் படித்து ஆளாகவில்லையா?" என்று ஒரு பெரியவர் இந்த முகநூல் பதிவின் கீழே வந்து கேட்பார். ஆளானவர்தானே ஐயா கேட்கிறீர்கள்? ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன உங்கள் அக்கா தங்கைகள் முகநூலில் இல்லை. தவிர, மரத்தடி தகரத்தைவிடக் குளிர்ச்சி.

திருவிழாவுக்குச் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். என்ன வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் கேட்டால் அவர் கூச்சப்பட்டு நாற்காலி என்பார். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் போய் உட்காருங்கள். பினாயில், மோட்டார் பழுது, துப்புரவுப் பணியாளர் சம்பளம் என்று ஓராண்டுச் செலவைக் கணக்கிடச் சொல்லுங்கள். அந்தச் செலவுக்கு வட்டி வரும் அளவில் ஒரு வைப்புநிதி போட்டுவிடுங்கள். வட்டிக் கணக்கை நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா என்ன?