நிமோனியா, சோபியா, ஒரு கைதட்டல்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் என்ன நடந்தது என்று இங்கே பாதிப்பேருக்குத் தெரியும். தெரியாதவர்கள் தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள், வீடியோ இருக்கிறது. லிங்க் நான் தரமாட்டேன். என் பக்கத்திலிருந்து போய் அந்தப் பேச்சுக்கு ஒரு வியூகூட ஏற வேண்டாம்.

"டால்ஸ்டாயைக் கொன்னது நிமோனியா இல்லீங்க, சோபியா!"

ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாயின் மனைவி சோபியாவைப் பற்றித்தான் இந்த ஜோக். அரங்கமே சிரித்தது. பேசியவர் தன் எதுகையைத் தானே ரசித்து, சிரிப்பு அடங்கும்வரை நிதானமாகத் தண்ணீர் குடித்தார். நானும் அங்கேதான் இருந்தேன், இரண்டாவது வரிசையில். நான்கு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

டால்ஸ்டாயைக் கொன்றது நிமோனியாதான் ஐயா. 82 வயது மனிதர். அன்றைய ரஷ்ய நாட்காட்டிப்படி 1910 அக்டோபர் 28, விடிவதற்கு முன்பே வீட்டைவிட்டுக் கிளம்புகிறார். லாயத்துக்குப் போகும் வழியில் இருட்டில் தொப்பி தொலைந்துபோகிறது. கூட மருத்துவர் மகோவித்ஸ்கி மட்டும். மூன்றாம் வகுப்புப் பெட்டியில் புகையும் நெரிசலும் தாங்காமல் வாசல் பக்கம் போய்க் குளிர்காற்றில் நிற்கிறார். ஷமோர்தினோ மடத்தில் துறவியாக இருந்த தங்கையைப் பார்த்துவிட்டு மறுபடி ரயில். காய்ச்சல் ஏறுகிறது. அஸ்தபோவோ என்று யாருக்கும் பெயர் தெரியாத ஒரு ஸ்டேஷனில் இறக்கி, ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டில் படுக்க வைக்கிறார்கள். ஒரே வாரம். நவம்பர் 7, காலை 6.05. இதில் சோபியா எந்த இடத்தில் வந்து கழுத்தை நெரித்தார் என்று மேடையில் இருந்த யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

"அவளோட கொடுமை தாங்காமத்தான் கிளம்பினார்" என்பீர்கள். தெரியும், அந்தக் கமென்ட் வரும். அன்று இரவு அவர் விழித்துப் பார்த்தபோது சோபியா எழுத்தறையில் விளக்கை வைத்துக்கொண்டு காகிதங்களைத் துழாவிக்கொண்டிருந்தார். உண்மைதான், நான் மறுக்கவில்லை. என்ன தேடினார் என்று அந்த மேடையில் ஒருவர்கூடச் சொல்லவில்லையே, ஏன்?

உயிலைத் தேடினார். அந்த வருடம் ஜூலை 22ஆம் தேதி டால்ஸ்டாய் காட்டுக்குள் போய், ஒரு மரத்தின் அடிக்கட்டையில் உட்கார்ந்து, தன் சீடர் செர்த்கோவின் ஆட்கள் சாட்சியாக நிற்க, மனைவிக்குத் தெரியாமல் ஓர் உயிலில் கையெழுத்துப் போட்டார். எழுதியது அத்தனைக்கும் உரிமை காகிதத்தில் கடைசி மகள் சாஷாவுக்கு; என்ன செய்வது என்ற முடிவு செர்த்கோவின் கையில். கட்டிய மனைவிக்கு ஒளித்து, காட்டில் வைத்து! நம்மூர்ப் பத்திர ஆபீஸில் இப்படி ஒரு காரியம் நடந்தால் ஊரே யார் பக்கம் பேசும்? இங்கே மட்டும் ஒளித்தவர் மகான், தேடியவள் பேய்.

டால்ஸ்டாயைக் கொன்றது நிமோனியா. இதை இந்தப் பதிவு முழுக்கச் சொல்லிக்கொண்டேதான் இருப்பேன். சலித்தால் தாண்டிப் போய்விடுங்கள்.

சரி, அந்தம்மா யார்? 1862இல் கல்யாணம். பெண்ணுக்கு 18, மாப்பிள்ளைக்கு 34. கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு மாப்பிள்ளை தன் பழைய டைரிகளைக் கொண்டுவந்து கொடுத்துப் படிக்கச் சொல்கிறார். போன இடங்கள், பழகிய பெண்கள், தன் பண்ணையிலேயே இருந்த அக்ஸினியா என்ற குடியானவப் பெண், எல்லாம் அதில் இருக்கிறது. ஒளிவுமறைவில்லாத நேர்மையாம். அந்த நேர்மையை 18 வயதுப் பெண் வாழ்நாள் முழுக்கச் செரிக்கவேண்டியிருந்தது. செரிக்கவில்லை என்பது அவருடைய டைரியைப் படித்தாலே தெரியும்.

பிறகு 13 பிள்ளைகள். ஐந்து சின்ன வயதிலேயே போய்விட்டன. கடைசிப் பையன் வனேச்கா, 1895இல், ஏழு வயது நிறையும் முன்பே. அதற்கப்புறம் சோபியா பழைய சோபியாவாக இல்லை. ஆனால் நம் பேச்சாளர்கள் காட்டுவது 1910இன் சோபியாவை மட்டும்தான். கதறுகிற, குளத்தில் குதிக்கிற, கணவன் பூட்ஸுக்குள் ஒளித்து வைத்திருந்த ரகசிய டைரியைக் கண்டுபிடிக்கிற கிழவி. அதற்கு முன்னால் 48 வருடம் கிடக்கிறதே ஐயா? கிளம்பும்போது எழுதி வைத்த கடிதத்தில் டால்ஸ்டாயே அந்த 48 வருடத்துக்கு நன்றி சொல்லியிருக்கிறாரே. அவருக்கு இருந்த மரியாதை அவருடைய ரசிகருக்கு இருக்கக்கூடாதா?

'போரும் அமைதியும்' எழுதப்பட்டது 1863க்கும் 69க்கும் நடுவில். அதே வருடங்களில் சோபியா பெற்றது நான்கு பிள்ளைகள். பகலெல்லாம் வீடு, பிள்ளைகள், பண்ணைக் கணக்கு. ராத்திரி எல்லோரும் தூங்கியபிறகு டால்ஸ்டாயின் கையெழுத்தைப் பிரதி எடுப்பது. கையெழுத்தா அது, கோழி கிளறினமாதிரி இருக்கும். வரிக்கு மேல் வரி, ஓரத்தில் குறுக்கே ஒரு பத்தி. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் பார்த்து எழுதி, காலையில் மேசையில் வைத்தால், அதிலும் அடித்துத் திருத்திச் சாயங்காலம் திரும்பி வரும். மறுபடி முதலிலிருந்து. ஏழு தடவை எழுதினார் என்று மகன் இலியா சொல்கிறார். நான்கா ஏழா என்று ஆராய்ச்சியாளர்கள் சண்டை போடட்டும். உங்களில் ஒருவர் அந்த நாவலை ஒரே ஒரு தடவை முழுசாகப் படித்திருக்கிறீர்களா? போர்க்காட்சிகளைத் தாண்டாமல்?

இங்கேதான் என் வீட்டுக் கதை வருகிறது. வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

என் அப்பா எழுத்தாளர். பெரிய பெயர் இல்லை. வாரப் பத்திரிகைகளில் கதைகள், இரண்டு தொடர்கள், மூன்று புத்தகங்கள். அவர் எழுதுவது அவருக்கே மறுநாள் புரியாது. அம்மாதான் எடுத்து எழுதுவார். சமையலறையில் பாத்திரமெல்லாம் கவிழ்த்தபிறகு, தரையில் அரிசி டப்பாவுக்கு மேல் ஒரு பழைய தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் ஃபுல்ஸ்கேப் தாளை வைத்து, இடது பக்கம் மார்ஜின் மடித்து எழுதுவார். நடுவில் கார்பன். கார்பன் மை விரலில் ஒட்டி, காலையில் எங்களுக்குப் பின்னும் சடை ரிப்பனில் நீலமாக இருக்கும். எத்தனையோ நாள் ரிப்பன் அழுக்கு என்று பள்ளிக்கூடத்தில் திட்டு வாங்கியிருக்கிறேன்.

அப்பா போய்ச் சில வருடம் கழித்து ஒருவர் வந்தார். அப்பாவின் கையெழுத்துப் பிரதிகளைச் சேகரிக்கிறாராம். நல்ல மனிதர்தான், குறை சொல்லவில்லை. கரையான் தின்றதுபோக மிஞ்சிய ஒரு கட்டை அம்மா எடுத்துக் கொடுத்தார். அவர் ஒரு தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சாரோட கையெழுத்து என்ன அழகும்மா, முத்து முத்தா" என்றார்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. "காபி குடிக்கிறீங்களா" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். நான் வாயைத் திறந்தேன், உள்ளேயிருந்து அம்மா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

போகும்போது அதே மனிதர் கேட்டார்: "மிச்சத்தையெல்லாம் ஏம்மா கரையானுக்கு விட்டுட்டீங்க?"

அந்தக் கேள்வி எனக்கு இன்னும் ஆறவில்லை. மூன்று வாடகை வீடு மாறி, ஒவ்வொரு தடவையும் அந்த மூட்டைகளைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்தவரிடம் கேட்கிற கேள்வியா இது?

ஆக, ஞாயிற்றுக்கிழமை அரங்கம் சிரித்தபோது எனக்கு வந்த கோபம் டால்ஸ்டாய்க்காக மட்டும் இல்லை என்று ஒத்துக்கொள்கிறேன். "சொந்தப் பிரச்சினையை இலக்கியத்தில் கலக்கிறார்" என்று ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போடுவீர்கள். போடுங்கள். சோபியாவின் சொந்தப் பிரச்சினையை மேடையில் கலந்தது நானா?

"படைப்பாளியின் அந்தரங்கம் நமக்கெதற்கு, படைப்பைப் பேசுவோம்" என்று ஒரு தம்பி இன்பாக்ஸில் வந்து அறிவுரை சொன்னார். ரொம்பச் சரி தம்பி. அதை மைக் பிடித்தவரிடம் சொல்லியிருக்கலாமே. அவர் டால்ஸ்டாயின் மனைவியைத் திட்டும்போது அந்தரங்கம் தகவலாக இருக்கிறது, நான் பதில் சொன்னால் மட்டும் கிசுகிசு ஆகிவிடுகிறதா?

"அவளுக்குப் பணத்தாசை, காப்புரிமைக்காகத்தான் அத்தனை ரகளையும்" என்பது இன்னொன்று. ஆமாம், ஆசைப்பட்டார். டால்ஸ்டாய் 1881க்குப் பிறகு எழுதியதன் உரிமையை 1891இல் உலகத்துக்கே விட்டுக்கொடுத்தார். உயர்ந்த மனசு. ஒன்பது பிள்ளைகள் இருக்கிற வீட்டில் மாதக்கடைசியில் உயர்ந்த மனசைச் சமைக்க முடியாது. பழைய நூல்களின் பதிப்புவேலையைச் சோபியா தலையில் போட்டுக்கொண்டு, அச்சகத்துக்கு அலைந்து, மெய்ப்புத் திருத்தி, தொகுதி தொகுதியாகக் கொண்டுவந்தார். 'க்ரூட்ஸர் சொனாட்டா'வைத் தணிக்கை தடுத்தபோது ஜார் மன்னர் மூன்றாம் அலெக்ஸாண்டரை நேரில் பார்த்துப் பேசி, தொகுதிக்குள் அச்சிட அனுமதி வாங்கி வந்ததும் அதே சோபியாதான். அந்தக் கதை என்ன தெரியுமா? கல்யாண வாழ்க்கையே அசிங்கம் என்கிற கதை. ஊரெல்லாம் தன்னைத்தான் எழுதியிருக்கிறார் என்று பேசியது தெரிந்தும் போனார். எனக்கு அந்த மனசு கிடையாது. நானாக இருந்தால் தடையை இன்னும் பத்து வருடம் நீட்டிக்கச் சொல்லிக் கெஞ்சிவிட்டு வந்திருப்பேன்.

மிரட்டினார், வேவு பார்த்தார், தற்கொலை செய்துகொள்வேன் என்றார். எல்லாம் நடந்தது. கூட வாழ்வது கஷ்டம்தான். டால்ஸ்டாயோடு வாழ்வது மட்டும் சுலபமா என்று யாரும் கேட்பதில்லை.

அஸ்தபோவோவுக்கு வருகிறேன். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன், எங்கெங்கேயோ போய்விட்டேன்.

கணவர் எங்கே இருக்கிறார் என்று சோபியாவுக்கு ஒரு பத்திரிகைக்காரர் மூலம்தான் தெரிகிறது. தனி ரயில் ஏற்பாடு செய்துகொண்டு ஓடுகிறார். போனால், உள்ளே விடவில்லை. செர்த்கோவ் உள்ளே இருக்கிறார், சாஷா இருக்கிறாள், மருத்துவர்கள் இருக்கிறார்கள். மனைவி மட்டும் வெளியே, தண்டவாளத்தில் நிற்கிற ரயில்பெட்டியில். "டால்ஸ்டாயே வரவேண்டாம் என்றார்" என்பீர்கள். பார்த்தால் இதயம் தாங்காது என்று சொன்னார்தான். ஆனால் இத்தனை அடி தூரத்தில் வந்து நிற்கிறாள் என்பதையே அவரிடம் மறைத்துவிட்டார்கள்.

சோபியா தன் கையால் செய்த ஒரு சின்னத் தலையணையைக் கொண்டுபோயிருந்தார். அதை மகோவித்ஸ்கி உள்ளே எடுத்துப்போய்த் தலைக்கு வைத்தார். டால்ஸ்டாய் உடனே கண்டுபிடித்துவிட்டார், இது எப்படி இங்கே வந்தது? மூத்த மகள் தான்யா கொண்டுவந்தாள் என்று மருத்துவர் சமாளித்தார். தலையணை உள்ளே போய்விட்டது. தைத்தவர் வெளியே நிற்கிறார்.

படமும் இருக்கிறது, பாருங்கள். குளிருக்குத் தலையைச் சுற்றிக்கொண்டு ஒரு கிழவி, அந்த வீட்டு ஜன்னலில் எட்டி எட்டிப் பார்க்கிறார். ஊர் உலகத்துக் கேமராக்காரர்களெல்லாம் அங்கே காத்திருக்கிறார்கள். 48 வருடம் கூட இருந்தவரை ஜன்னல் வழியாகத் தேடுகிறார். கடைசி ராத்திரிதான் உள்ளே விட்டார்கள், அவருக்கு நினைவு தப்பியபிறகு. மண்டியிட்டு ஏதோ பேசினாராம். கேட்டிருக்குமா, தெரியாது.

இதற்குத்தான் ஐயா நீங்கள் எதுகை போட்டீர்கள்.

ஒரு தகவல், அடுத்த கூட்டத்துக்கு உதவும். சோபியா அதற்கப்புறம் ஒன்பது வருடம் அதே யாஸ்னயா போல்யானா பண்ணை வீட்டில் இருந்தார். 1919 நவம்பரில் இறந்தார். காரணம் நிமோனியா. டால்ஸ்டாய் காட்டுக்குள் தனியாக இருக்கிறார், சிலுவைகூட இல்லாத மண்மேட்டில். சோபியாவைக் கொச்சாகி கல்லறைத் தோட்டத்தில், குடும்பத்தாரோடு வைத்தார்கள். இதற்கும் ஒரு எதுகை யோசித்து வையுங்கள்.

நேற்று அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டார். உயில், செர்த்கோவ் எதுவும் அவருக்குப் பொருட்டாகவே இல்லை.

"எத்தனை புள்ளைங்கன்னு சொன்னே?"

"பதிமூணும்மா."

"பதிமூணு புள்ளைய வச்சுக்கிட்டு, எந்நேரத்துல உக்காந்து எழுதுனா அவ?"

கமென்ட் திறந்தே இருக்கிறது. நிமோனியா ஜோக்கை யாராவது மறுபடி போட்டால் பிளாக் செய்துவிடுவேன், பத்து வருட நட்பானாலும் சரி.

அந்த வீடியோவில் அந்த இடத்தை மட்டும் ஹெட்போன் போட்டு மூன்று தடவை கேட்டேன். இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு பெண் சிரிக்கிற சத்தம் வருகிறது. பக்கத்தில் இருந்தவர் என்றுதான் முதல் இரண்டு தடவையும் நினைத்தேன்.